காலண்டரையும் காண்டாக்டையும் சிங்க் செய்ய உட்காரும் முன்

ஒரு சிறிய அலுவலகத்தில் நிர்வாக வேலை பார்ப்பவள் நான். கம்ப்யூட்டர் படிப்பு எதுவும் படித்ததில்லை. ஆனால் பிரின்டர் மக்கர் செய்தாலும், மெயில் போகாமல் நின்றாலும் எல்லோரும் வந்து நிற்பது என் மேஜைக்கு முன்னால்தான். எங்கள் நிறுவனமும் இன்னொரு சிறிய நிறுவனமும் ஒன்றாகச் சேர்ந்தபோது அந்த மேஜைக்கு ஒரு பெரிய வேலை வந்தது. நாங்கள் கூகுள் வொர்க்ஸ்பேஸ்காரர்கள். அவர்கள் மைக்ரோசாஃப்ட் 365. இரண்டுமே அலுவலகத்துக்கு மெயில், காலண்டர், காண்டாக்ட் எல்லாம் தரும் சேவைகள். போதாததற்கு, வாடிக்கையாளர் விவரங்களை வைத்திருக்க இரு தரப்புக்கும் பொதுவாக ஒரு சிஆர்எம் மென்பொருள். "மூணையும் ஒண்ணா சிங்க் பண்ணி விட்டுடும்மா, ஒரு பட்டன்தானே" என்றார் மேனேஜர். ஓரிடத்தில் மாற்றினால் மற்ற இடங்களிலும் தானாக மாறும்படி இணைப்பதுதான் சிங்க்.

பட்டன்தான். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, எல்லாவற்றுக்கும் இருவழி சிங்க்கை ஆன் செய்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். சனிக்கிழமை காலை திறந்து பார்த்தால் 1,840 காண்டாக்ட் இருந்த இடத்தில் ஐயாயிரத்துச் சொச்சம். ஒவ்வொருவரும் மூன்று மூன்றாக நின்றார்கள். அதுகூடப் பரவாயில்லை. மூன்று மாதத்துக்கு முன் முடிந்துபோன மீட்டிங்குகளுக்கு வாடிக்கையாளர்களுக்கெல்லாம் புதிதாக அழைப்பு மெயில் போயிருந்தது. ஒருவர் பொறுமையாகப் பதில் எழுதியிருந்தார்: "இதற்கு நான் ஏற்கெனவே வந்துவிட்டுப் போய்விட்டேனே?"

அதைச் சரிசெய்யப் பத்து நாள் ஆனது. பிறகு இன்னும் மூன்று அலுவலகங்களுக்கு இதே வேலையைச் செய்து கொடுத்திருக்கிறேன். எங்கும் அப்படி நடக்கவில்லை. காரணம், இப்போது அந்தப் பட்டனைக் கடைசியில்தான் தொடுகிறேன். அதற்கு முன் செய்வதை எல்லாம் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

முதலில் தாளும் பேனாவும்

எந்த செட்டிங்ஸையும் திறக்காதீர்கள். ஒரு தாளில், உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு அக்கவுன்டுக்கும் ஒரு பெட்டி வரையுங்கள். அப்புறம் ஒவ்வொரு வகைத் தகவலையும் எடுத்து ஒரே கேள்வி கேளுங்கள்: இது எங்கே பிறக்கிறது? யார், எந்தத் திரையில் முதன்முதலாக இதைத் தட்டுகிறார்கள்?

எங்கள் அலுவலகத்தில் இப்படி வந்தது. வாடிக்கையாளரின் போன் நம்பர், மெயில் முகவரி எல்லாம் சிஆர்எம்மில் பிறக்கின்றன. விற்பனைக்காரர்கள் நேரில் போய்ப் பார்க்கும் சந்திப்புகளும் அங்கேதான். உள்ளுக்குள் நடக்கும் மீட்டிங்குகள் அவரவர் மெயில் அக்கவுன்டில் பிறக்கின்றன. ஊழியர்களின் உள் எண்கள் நிறுவன டைரக்டரியில். விடுமுறைப் பட்டியல் நான் போடும் ஒரு தனிக் காலண்டரில். பிறக்கும் இடத்தை நான் தாய் அக்கவுன்ட் என்று சொல்வேன். மற்ற இடங்களில் தெரிவதெல்லாம் நகல். தாயிலிருந்து நகலுக்கு அம்புக்குறி போடுங்கள். நகலில் யாராவது திருத்தினால் அது தாய்க்குத் திரும்பிப் போகத்தான் வேண்டும் என்று நிச்சயமாகத் தோன்றினால் மட்டும் இரண்டாவது அம்புக்குறி. எங்கள் தாளில் மொத்தம் ஒன்பது அம்புகள். அதில் திரும்பி வரும் அம்பு இரண்டே இரண்டு.

அம்பெல்லாம் போட்ட பிறகு தாளை ஒரு கை தூரம் தள்ளிவைத்துப் பாருங்கள். எங்காவது வட்டம் தெரிகிறதா? கூகுளிலிருந்து சிஆர்எம், சிஆர்எம்மிலிருந்து அவுட்லுக் (மைக்ரோசாஃப்டின் மெயில், காலண்டர் செயலி), அவுட்லுக்கிலிருந்து திரும்ப கூகுள் என்று சுற்றி வந்தால் எங்களுக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கும். தனித்தனியாகப் பார்த்தால் அந்த மூன்று இணைப்பும் சரியாகவே வேலை செய்துகொண்டிருந்தன. சேர்ந்தபோதுதான் வினை.

ஏன் என்று சொல்கிறேன். காலண்டரில் இருக்கும் ஒவ்வொரு ஈவென்டுக்கும் நம் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளக் குறி உண்டு, யூஐடி என்பார்கள். ஐகாலண்டர் என்ற பொது வடிவம் 1998-இல் வந்தபோதே அது உண்டு. இன்று பெரும்பாலோர் பின்பற்றும் 2009-ஆம் ஆண்டுப் பதிப்பிலும் உண்டு. காண்டாக்டுக்கான விகார்டு வடிவத்திலும் இதே பெயரில் ஒரு குறி இருக்கிறது. ஒரு மென்பொருள் ஈவென்டை இன்னொன்றுக்கு அனுப்பும்போது அந்தக் குறியையும் சேர்த்தே அனுப்பினால், "இது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறதே" என்று மறுபக்கம் புரிந்துகொள்ளும். பல இணைப்புக் கருவிகள் அப்படிச் செய்வதில்லை. மறுபக்கத்தில் புதிதாக ஒன்றை உருவாக்கி, எது எதன் நகல் என்பதைத் தங்கள் சொந்தக் கணக்குப் புத்தகத்தில் குறித்துக்கொள்கின்றன. மூன்று இணைப்புக்கு மூன்று கணக்குப் புத்தகம். ஒருவர் புத்தகம் இன்னொருவருக்குத் தெரியாது. ஆக, கூகுளில் பிறந்தது வட்டமடித்துத் திரும்பி வரும்போது, கூகுளின் வாசலில் அது முன்பின் தெரியாத புது ஆள்.

எந்த வகை இணைப்பு வேண்டும்?

என்னிடம் சிங்க் போட்டுத் தரச் சொல்லி வருகிறவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் சிங்க் தேவையில்லை. "ரெண்டு அக்கவுன்ட்லயும் இருக்கிற மீட்டிங்கை ஒரே இடத்தில பார்க்கணும்" என்பதுதான் அவர்கள் தேவை. அதற்கு எதையும் நகலெடுக்க வேண்டியதில்லை. போனிலோ கம்ப்யூட்டரிலோ ஒரே காலண்டர் செயலியில் இரண்டு அக்கவுன்டையும் சேர்த்தால் போதும். இரண்டும் வேறு வேறு நிறத்தில் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். எதுவும் எதனுடனும் கலக்காது. டூப்ளிகேட் வரவும் வழியில்லை. இதற்குப் பின்னால் வேலை செய்பவை கேல்டாவ், கார்டுடாவ், ஆக்டிவ்சிங்க் போன்ற முறைகள். கேல்டாவ் 2007-இல் காலண்டருக்காக வந்தது, கார்டுடாவ் 2011-இல் காண்டாக்டுக்காக. தண்டர்பேர்டு மெயில் செயலியில் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. ஐபோனிலும் அப்படித்தான். ஆண்ட்ராய்டில் கூகுள் அல்லாத கேல்டாவ் அக்கவுன்ட் சேர்க்க டாவ்எக்ஸ்5 போன்ற தனிச் செயலி வேண்டும். விண்டோஸில் பழைய அவுட்லுக் வைத்திருப்பவர்களுக்கும் தனி ஆட்-இன் (அதோடு சேர்க்கும் கூடுதல் மென்பொருள்) தேவைப்படும்.

இரண்டாவது வகை, லிங்க் மூலம் சந்தா. ஒரு காலண்டரின் ஐகால் முகவரியை (வேறு செயலிகள் அதைப் படிப்பதற்கான லிங்க்) எடுத்து இன்னொன்றில் ஒட்டிவிடுவது. ஐந்து நிமிட வேலை. ஆனால் படிக்கத்தான் முடியும், திருத்த முடியாது. அதோடு மெதுவாகத்தான் வரும். கூகுள் காலண்டரில் இப்படிச் சேர்த்த காலண்டரின் மாற்றம் தெரிய 12 மணி நேரம் வரை ஆகலாம் என்று கூகுளே சொல்கிறது. விடுமுறைப் பட்டியலுக்கு அது போதும். "மீட்டிங்கை மூன்று மணியிலிருந்து நான்குக்குத் தள்ளியிருக்கிறேன்" என்ற செய்திக்குப் போதாது. இன்னொன்று: கூகுள் தரும் ரகசிய முகவரி யார் கையில் கிடைத்தாலும் அவர் முழுக் காலண்டரையும் படித்துவிடலாம், பாஸ்வேர்டு கேட்காது. அதை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு மறந்த ஒருவரை எனக்குத் தெரியும். அப்படி வெளியே போய்விட்டால் அதே செட்டிங்ஸில் ரீசெட் கொடுத்துப் புது முகவரி வாங்குங்கள், பழையது செத்துவிடும்.

மூன்றாவது, "இந்த நேரத்தில் ஆள் ஃப்ரீயா, பிஸியா" என்பதை மட்டும் பகிர்வது. இரண்டு நிறுவனங்கள் சேரும்போது பெரும்பாலான சச்சரவு மீட்டிங்குக்கு நேரம் குறிப்பதில்தான் வரும் என்பதால் இதுவே பல இடங்களில் காரியத்தை முடித்துவிடும். கூகுள் வொர்க்ஸ்பேஸின் அட்மின் பக்கத்தில் காலண்டர் இன்டராப் என்று ஒரு வசதி உண்டு. அது மைக்ரோசாஃப்டின் மெயில், காலண்டர் சர்வரான எக்ஸ்சேஞ்சோடு இந்த ஃப்ரீ-பிஸி தகவலைப் பரிமாறிக்கொள்ளும். மீட்டிங்கின் தலைப்போ விவரமோ நகலாகக் குவியாது. இரு பக்கமும் அட்மின் அனுமதி வேண்டும், அவ்வளவுதான்.

நான்காவதுதான் நிஜமான சிங்க்: சிஆர்எம்மோ வேறு இணைப்புக் கருவியோ ஒரு பக்கத்தில் இருப்பதை மறுபக்கத்தில் எழுதுவது. முதல் மூன்றும் போதாது என்று உறுதியானால் மட்டும் இங்கே வாருங்கள். இனி எழுதப்போவதெல்லாம் இந்த நான்காவதற்குத்தான்.

காண்டாக்டைக் கழுவித் துடைப்பது

சிங்க் போடும் முன் இரு பக்கமும் பேக்கப் எடுங்கள். காண்டாக்டை விகார்டாக ஒரு முறை, சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பாக ஒரு முறை. காலண்டரை ஐசிஎஸ் (ஐகாலண்டர் வடிவ) கோப்பாக. கோப்பின் பெயரிலேயே தேதி இருக்கட்டும். கூகுள் காண்டாக்டில் 30 நாள் வரை பழைய நிலைக்குத் திருப்பும் வசதி இருக்கிறது. எங்களைக் காப்பாற்றியது அதுதான். மைக்ரோசாஃப்ட் 365-இல் முழுவதுமாக அழித்ததை மீட்க, நிறுவனம் மாற்றி வைத்திருக்காவிட்டால், 14 நாள் அவகாசம். ஆனால் இவற்றை நம்பிக் கிணற்றில் குதிக்க வேண்டாம். எத்தனையாவது நாளில் பிரச்சினை கண்ணில் படும் என்று யாருக்குத் தெரியும்?

சிஎஸ்வி கோப்பைப் பற்றி ஒரு கதை சொல்ல வேண்டும். அதை எக்செல்லில் இரட்டைக் கிளிக் செய்து திறக்காதீர்கள். நான் திறந்தேன். பன்னிரண்டு இலக்கப் போன் நம்பர் எல்லாம் "9.19ஈ+11" என்கிற மாதிரி மாறி நின்றது. நம்பருக்கு முன்னால் இருந்த பிளஸ் குறியும், சில நம்பர்களின் முதல் பூஜ்ஜியமும் காணாமல் போயிருந்தன. "பார்க்கத்தான் அப்படி, உள்ளே நம்பர் இருக்கும்" என்று நினைத்து ஒரு எழுத்துப்பிழையை மட்டும் திருத்திவிட்டு சேவ் செய்தேன். சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது எக்செல் திரையில் என்ன தெரிகிறதோ அதையே எழுதிவிடுகிறது. அந்த நம்பர்களின் கடைசி ஒன்பது இலக்கமும் போயே போயிற்று. தமிழில் பதிந்திருந்த பெயர்களும் கொத்துக் கொத்தாக விசித்திர எழுத்துகளாகியிருந்தன. சரியான வழி: எக்செல்லைக் காலியாகத் திறந்து, டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் அல்லது சிஎஸ்வியிலிருந்து இறக்குமதி செய்வதைத் தேர்ந்தெடுத்து, எழுத்து வகையை யூடிஎஃப்-8 என்று வைத்து, போன் நம்பர் நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று குறியுங்கள். கூகுள் ஷீட்ஸிலும் இறக்கலாம். ஆனால் "எழுத்தை எண்ணாக மாற்று" என்று டிக் போட்டு வைத்திருப்பதை எடுத்துவிட வேண்டும்.

திறந்ததும் முதலில் போன் நம்பர்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்: பிளஸ், நாட்டுக் குறியீடு, பிறகு இடைவெளியில்லாமல் நம்பர். இ.164 என்பது இந்த வடிவத்தின் பெயர். அதில் மொத்தம் 15 இலக்கத்தைத் தாண்டாது. ஒரே ஆளின் நம்பர் ஓரிடத்தில் பூஜ்ஜியத்தோடும், இன்னோரிடத்தில் நாட்டுக் குறியீட்டோடும் இருந்தால் பல கருவிகள் அதை இரண்டு ஆளாகவே பார்க்கும்.

டூப்ளிகேட்டை சிங்க்குக்கு முன்னால் தீருங்கள், பின்னால் வேண்டாம். பெரும்பாலான கருவிகள் இரு பக்கமும் இருப்பவர் ஒரே ஆள்தானா என்று பார்ப்பது மெயில் முகவரியை வைத்து. அதனால் மெயில் முகவரி இல்லாத காண்டாக்டுகளைத் தனியே பிரித்து வையுங்கள். டூப்ளிகேட் ஆவது பெரும்பாலும் அவர்கள்தான். ஒரே பொது முகவரியில் நான்கு பேர் இருந்தாலும் கவனம் வேண்டும். கருவி அந்த நால்வரையும் ஒருவராக்கிவிடும்.

பிறகு, எந்தப் புலம் (பெயர், போன், மெயில் என்று தகவல் நிரப்பும் கட்டம்) எந்தப் புலத்துக்குப் போகிறது என்ற பொருத்தப் பட்டியல். சலிப்பான வேலை. ஆனால் தகவல் சத்தமில்லாமல் தொலைவது இங்கேதான். ஓர் உதாரணம்: அவுட்லுக் காண்டாக்டில் மெயில் முகவரிக்கு மூன்றே இடம். கூகுளில் நான்கு, ஐந்து என்று எத்தனை வேண்டுமானாலும் போடலாம். இருவழி சிங்க்கில் நான்காவது முகவரி அவுட்லுக்குக்குப் போக இடமில்லாமல் நின்றுவிடும். அடுத்த முறை அங்கிருந்து மூன்றோடு திரும்பி வரும் காண்டாக்ட், கூகுளில் இருந்த நான்காவதையும் அழித்துவிட வாய்ப்புண்டு. கூகுளின் லேபிளும் அவுட்லுக்கின் கேட்டகரியும் ஒன்றுதான் என்று எல்லாக் கருவியும் எடுத்துக்கொள்ளாது. பெயர்ப் புலமும் அப்படியே. எங்கள் சிஆர்எம்மில் கடைசிப் பெயர் கட்டாயம். ஒற்றைப் பெயர் உள்ளவர்களுக்கு விற்பனைக்காரர்கள் அங்கே ஒரு புள்ளியை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சிங்க் ஆனதும் எல்லோர் போனிலும் பாதிப் பேரின் பெயருக்குப் பின்னால் தனியாக ஒரு புள்ளி. "அக்கா, இது என்ன கோட் வேர்டா?" என்று கேட்டான் அக்கவுன்ட்ஸ் பையன்.

யார் பெயரில் இணைப்பது

இணைப்பை உங்கள் சொந்த அக்கவுன்டில் லாகின் செய்து போடாதீர்கள். இன்று நீங்கள் போடுவீர்கள், நாளை வேலை மாறுவீர்கள், உங்கள் அக்கவுன்டை மூடிய அன்றே முழு அலுவலகத்தின் சிங்க்கும் நிற்கும். ஏன் நின்றது என்று யாருக்கும் புரியாது. அலுவலகத்துக்கென்று ஒரு தனி அட்மின் அக்கவுன்ட் உருவாக்கி அதில் போடுங்கள். ஒவ்வொருவரின் காலண்டரையும் அவரவர்தான் அனுமதித்து இணைக்க வேண்டும் என்கிற கருவியாக இருந்தால், யார் யார் இணைத்தார்கள் என்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்வேர்டை நேரடியாகக் கேட்கும் கருவி என்றால் தள்ளி நில்லுங்கள். மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் அந்தப் பழைய லாகின் முறையை 2022 அக்டோபரிலிருந்து மூடத் தொடங்கியது. கூகுள் வொர்க்ஸ்பேஸும் அதை விட்டுவிட்டது. இப்போது நடைமுறையில் இருப்பது ஓஆத்: கூகுளின் அல்லது மைக்ரோசாஃப்டின் பக்கமே திறந்து, "இந்தச் செயலி உங்கள் காலண்டரைப் பார்க்கவும் திருத்தவும் அனுமதிக்கிறீர்களா" என்று கேட்கும். ஐகிளவுடை வேறு செயலியோடு இணைக்கும்போது மட்டும் அந்தச் செயலிக்கென்று தனி பாஸ்வேர்டு ஒன்றை ஆப்பிள் அக்கவுன்ட் பக்கத்தில் உருவாக்கிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

அந்த அனுமதிப் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். காலண்டரைப் படித்தால் போதும் என்கிற இணைப்பு மெயிலையும் படிக்க அனுமதி கேட்டால் ஏன் என்று கேளுங்கள். உங்கள் தாளில் ஒருவழி அம்பு போட்டிருக்கும் இடத்தில், கருவி இடம் கொடுத்தால், தாய் அக்கவுன்டுக்குப் படிக்கும் அனுமதி மட்டும் கொடுங்கள். அப்போது அது தப்புச் செய்ய நினைத்தாலும் தாயைத் தொட முடியாது.

ஆறு சோதனை ஈவென்ட்

இரு பக்கமும் ஒவ்வொரு டம்மி அக்கவுன்ட் எடுத்து, அவற்றுக்கிடையே மட்டும் சிங்க்கை ஆன் செய்யுங்கள். தாய்ப் பக்கத்தில் கீழ்க்கண்ட ஆறையும் போடுங்கள்.

1. சாதாரண ஒரு மணி நேர மீட்டிங்.
2. வாரா வாரம் வரும் மீட்டிங். அதில் ஒரே ஒரு வாரத்தை மட்டும் வேறு நாளுக்குத் தள்ளி, இன்னொரு வாரத்தை அழித்துவிடுங்கள்.
3. முழுநாள் விடுப்பு.
4. வேறு நேர மண்டலத்தில் போட்ட மீட்டிங்.
5. பிரைவேட் என்று குறித்த சொந்த வேலை.
6. உங்களுடைய இன்னொரு மெயில் முகவரியை விருந்தினராகச் சேர்த்த மீட்டிங்.

முதலாவது வந்துவிடும். சிக்கல் மற்றவற்றில்தான்.

இரண்டாவதில் பல கருவிகள் தடுக்கி விழும். தொடர் மீட்டிங் என்பது உள்ளே ஒரே ஒரு விதியாகத்தான் இருக்கும். தள்ளிவைத்த வாரமும் அழித்த வாரமும் அந்த விதிக்கு விலக்குகளாகத் தனியே எழுதப்பட்டிருக்கும். விலக்கைப் படிக்கத் தெரியாத கருவி, அழித்த வாரத்தை உயிர்ப்பித்துவிடும். தள்ளிவைத்த மீட்டிங்கைப் பழைய நாளிலும் புது நாளிலும் காட்டும்.

மூன்றாவதில் பார்க்க வேண்டியது, விடுப்பு ஒரு நாள் முன்னோ பின்னோ நகர்ந்திருக்கிறதா, ஒரு நாள் இரண்டு நாளாக நீண்டிருக்கிறதா என்பது. முழுநாள் ஈவென்டுக்கு மணி கிடையாது, தேதி மட்டுமே. முடியும் தேதியாக மறுநாளைப் போடுவதுதான் ஐகாலண்டர் வழக்கம். அந்த மறுநாள் கணக்கில் சேராது. இது தெரியாத கருவி இரண்டு நாள் விடுப்பாக்கிவிடும். சில கருவிகள் அதை நள்ளிரவு 12 மணியாக மாற்றி, பிறகு நேர மண்டலத்தையும் கூட்டிக் கழித்து, ஆளை முந்தின நாளே விடுப்பில் அனுப்பிவிடும்.

நேர மண்டலத்துக்கு வருவோம். ஒருபுறம் "யூரோப்/பெர்லின்" என்று ஊர்ப்பெயரால் குறித்திருப்பார்கள். மைக்ரோசாஃப்டின் வழக்கம் "டபிள்யூ. யூரோப் ஸ்டாண்டர்ட் டைம்" என்பது. இரண்டுக்கும் பொருத்தம் தெரியாத கருவி நேரத்தை வெறும் எண்ணாக மாற்றி எழுதிவிடும். கடிகாரம் மாற்றும் நாடுகளோடு வேலை செய்பவர்களுக்கு அந்தத் தேதி தாண்டியதும் மீட்டிங் ஒரு மணி நேரம் தப்பும். ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். சோதனை மீட்டிங்கை இந்தத் தேதிகளுக்கு முன்னும் பின்னும் வருகிற தொடராகப் போட்டுப் பாருங்கள்.

ஐந்தாவது, மறுபக்கத்தில் "பிஸி" என்று மட்டும் தெரிகிறதா? "டாக்டரைப் பார்க்கணும்" என்று முழுசாகத் தெரிந்தால் அந்தக் கருவியில் தலைப்பை மறைக்கும் செட்டிங் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் ஊழியர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இதில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. யார் எந்த டாக்டரிடம் போகிறார்கள் என்பது அலுவலகத்துக்குத் தெரிய வேண்டிய விஷயமே கிடையாது.

ஆறாவதுதான் எங்கள் மானத்தை வாங்கியது. கருவி நகலெடுக்கும்போது விருந்தினர் பட்டியலையும் சேர்த்து எடுத்தால், மறுபக்கக் காலண்டர் அதைப் புது மீட்டிங் என்று நினைத்து எல்லோருக்கும் அழைப்பு அனுப்பிவிடும். விருந்தினரை நகலெடுக்காதே, அறிவிப்பு அனுப்பாதே என்ற இரண்டு தேர்வையும் தேடிப் பிடித்துப் போடுங்கள். உங்கள் இன்னொரு முகவரியின் இன்பாக்ஸில் இரண்டாவது அழைப்பு வந்து விழுந்தால் இந்தக் கருவியோடு அடுத்த படிக்குப் போகாதீர்கள். கூடவே ஒரு சின்ன விஷயம்: புது ஈவென்ட் என்றாலே வீடியோ மீட் லிங்க்கைத் தானாக ஒட்டும்படி காலண்டரில் செட்டிங் போட்டிருந்தால், நகலில் டீம்ஸ் லிங்க் ஒன்றும் மீட் லிங்க் ஒன்றுமாக இரண்டு இருக்கும். ஆளுக்கொரு அறையில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் காத்திருப்பார்கள்.

எல்லாம் சரியாக வந்தால், அழித்துப் பாருங்கள். தாயில் ஒன்றை அழித்தால் நகல் போகிறதா? நகலில் ஒன்றை அழித்தால் தாய் அசையாமல் இருக்கிறதா? ஒருவழி என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தது உண்மையிலேயே ஒருவழிதானா என்பது இந்த இரண்டாவது கேள்வியில்தான் தெரியும்.

ஆன் செய்யும் நாள்

வெள்ளிக்கிழமை மாலை வேண்டாம். செவ்வாய் அல்லது புதன் காலை, எல்லோரும் இடத்தில் இருக்கும்போது. முதல் நாள் இரண்டு பேருக்கு மட்டும். அதில் ஒருவர் அலுவலகத்திலேயே அதிக மீட்டிங் உள்ளவராக இருக்கட்டும். அவர் கத்தாவிட்டால் மற்றவர்களுக்குப் பிரச்சினை வராது.

பழைய மீட்டிங்கை இழுத்துக்கொண்டு வராதீர்கள். "எந்தத் தேதியிலிருந்து" என்று கேட்டால் இன்றைய தேதி. முடிந்துபோன மீட்டிங் மறுபக்கத்தில் யாருக்கும் பயன்படப்போவதில்லை. முன்னோக்கி மூன்று மாதம் போதும். முதல் வாரம் நன்றாகப் போனால் நீட்டிக்கொள்ளலாம். அழிப்பதையும் சேர்த்து சிங்க் செய்யும் தேர்வு தனியாக இருந்தால் முதல் வாரம் அதை ஆஃப் செய்து வையுங்கள். சில நகல்கள் தேங்கும், பரவாயில்லை. பிறந்தநாள் காலண்டரைச் சேர்க்கவே வேண்டாம். அது காண்டாக்டிலிருந்து தானாக உருவாவது. இரண்டு பக்கமும் உருவாகி, ஒன்றையொன்று நகலெடுத்து, ஒரே ஆளுக்கு நான்கு பிறந்தநாள் வந்து நிற்கும்.

ஆன் செய்த அன்று மாலை காண்டாக்ட் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை மறுபடி எண்ணுங்கள். ராத்திரியோடு ராத்திரியாக நூறு கூடியிருந்தால் வேறெதையும் ஆராய வேண்டாம், முதலில் இணைப்பை நிறுத்துங்கள். நிறுத்தும்போது, "சிங்க் ஆனவற்றை நீக்கவா, வைத்துக்கொள்ளவா" என்று சில கருவிகள் கேட்கும். பதற்றத்தில் நீக்கு என்று தட்டிவிடாதீர்கள். வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டு, பேக்கப்போடு ஒப்பிட்டு நிதானமாகக் கழிக்கலாம்.

போன்கள்

சர்வர் பக்கம் எல்லாம் சரியாக இருந்தும் "என் போன்ல வரலையே" என்று இருவராவது வருவார்கள். ஐபோனில் கூகுள் அக்கவுன்டைச் சேர்த்தவருக்குத் தன் காலண்டர் மட்டும் தெரிந்து, பகிர்ந்த காலண்டர்கள் தெரியாமல் போகும். இதற்கென்று கூகுள் காலண்டரில் சிங்க் செலக்ட் என்று ஒரு தனிப் பக்கம் இருக்கிறது. வழக்கமான செட்டிங்ஸ் மெனுவில் எளிதில் கண்ணில் படாது, தேடித்தான் திறக்க வேண்டும். அங்கே வேண்டிய காலண்டர்களுக்கு டிக் போட்டு சேவ் செய்தால் சற்று நேரத்தில் போனில் வந்துவிடும்.

புதுக் காண்டாக்ட் எந்த அக்கவுன்டில் சேமிக்கப்படுகிறது என்பதையும் ஒவ்வொரு போனாக வாங்கிப் பார்த்துவிடுங்கள். டீஃபால்ட் அக்கவுன்ட் என்று ஒரு செட்டிங் இருக்கும். அது "இந்தப் போனில் மட்டும்" என்று இருந்தால் அவர் சேமிக்கிற நம்பர் எதுவும் வெளியே வராது. சொந்த அக்கவுன்ட் என்று இருந்தால் அலுவலக வாடிக்கையாளர்கள் அவர் குடும்பத்தாரோடு போய் உட்கார்ந்துகொள்வார்கள். எங்கள் விற்பனைக்காரர் ஒருவர் இரண்டு வருடமாகப் போனில் மட்டும் சேமித்து வந்த 260 நம்பரை அன்றுதான் கண்டுபிடித்தோம்.

ரிமைண்டர் இரண்டு முறை அடிக்கிறது என்று புகார் வந்தால், தாயும் நகலும் ஒரே போனில் தெரிகின்றன என்று அர்த்தம். நகல் காலண்டருக்கு ரிமைண்டரை ஆஃப் செய்யுங்கள், அல்லது அந்தப் போனில் நகலையே மறைத்துவிடுங்கள்.

இதன் பிறகு சிங்க் நிற்கும் நாள் ஒன்று வரும். யாரோ பாஸ்வேர்டு மாற்றியிருப்பார்கள், அட்மின் பாதுகாப்பு விதியை இறுக்கியிருப்பார், கொடுத்த அனுமதி காலாவதியாகியிருக்கும். நின்றதைப் பல கருவிகள் சத்தம் போட்டுச் சொல்வதில்லை. எங்கோ ஒரு மூலையில் சின்னதாக ஒரு மஞ்சள் முக்கோணம் காட்டும். அதனால் நான் ஒரு வேலை செய்கிறேன். திங்கட்கிழமை காலை 9.05-க்கு சிஆர்எம்மில் "சோதனை, தொட வேண்டாம்" என்று ஒரு சந்திப்பைப் போடுவேன். போட்டுவிட்டு மற்ற வேலையைப் பார்ப்பேன். கால் மணி நேரம் கழித்துப் போனில் அவுட்லுக்கைத் திறந்து அது வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். வந்திருந்தால் சிஆர்எம்மில் அழித்துவிட்டு, போனிலிருந்தும் போகிறதா என்று பார்ப்பேன். போன மாதம் ஒரு திங்கள் அது வரவில்லை. புது மேனேஜர் வந்து எல்லா வெளி இணைப்புகளுக்கும் மறு அனுமதி வேண்டும் என்று ஞாயிறன்று விதி போட்டிருந்தார். பத்து மணி மீட்டிங்குக்கு ஆட்கள் கிளம்புவதற்குள் அட்மின் அக்கவுன்டில் நுழைந்து மறுபடி அனுமதி கொடுத்தேன்.